சோற்றுக்கும் ஞானத்துக்கும் என்ன சம்பந்தம்? வள்ளலாரின் ஜீவகாருண்யம்: ஓர் எளிய அறிமுகம்

வள்ளலார் என்றதும் பலருக்கும் மூன்று சங்கதிகள் நினைவுக்கு வரும். வாடிய பயிரைக் கண்டு வாடியவர். வடலூரில் சோறு போட்டவர். புலால் கூடாது என்றவர். மூன்றும் உண்மைதான். ஆனால் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு கவிஞர், ஒரு தர்மவான், ஒரு சைவ உணவுக்காரர் என்று மூன்று பேர்தான் கிடைப்பார்கள். 'சிதம்பரம் இராமலிங்கம்' என்று கையெழுத்திட்ட அந்த ஒரு மனிதர் கிடைக்கமாட்டார்.

மூன்றையும் கோக்கிற சரடு ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் ஜீவகாருண்யம். மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் அடிக்கடி புழங்கும் சொல் என்பதால் 'இரக்கம்' என்று பொருள் சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். அவரோ அந்தச் சொல்லைக் கொண்டு இரண்டு பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல முயன்றார். மனிதன் எதற்காகப் பிறந்தான்? மனிதர் கூடி வாழும் உலகம் எப்படி இருக்க வேண்டும்? இரண்டுக்கும் அவர் தந்த விடை ஒன்றே என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை வைத்தே இந்த விளக்கம் போகிறது. பாடல்களைவிட இதில்தான் வாதம் படிப்படியாக நடக்கிறது. அவருடைய கூற்றுகளை ஏற்க வேண்டுமா என்பது வாசகர் பாடு. இங்கே வேலை, அவர் என்ன சொன்னார் என்பதைப் புரிந்துகொள்வது.

## பிறவியின் லாபம்

கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த இராமலிங்கர், இந்த நூலைக் கடவுள் வாழ்த்தில் அழுந்தித் தொடங்கவில்லை. கணக்கு வழக்குபோலத் தொடங்குகிறார். பெறுவதற்கு அரிய மனிதப் பிறப்பைப் பெற்றவர்கள், அதனால் அடையத்தக்க 'ஆன்ம லாபத்தை' காலம் உள்ளபோதே அறிந்து அடைய வேண்டும் என்கிறார். லாபம் என்ற கடைவீதிச் சொல்லை அவர் கூச்சமில்லாமல் பயன்படுத்துவதைக் கவனிக்க வேண்டும். முதல் கையில் இருக்கிறது, காலம் குறைவு, என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்பதே கேள்வி.

லாபம் எதுவென்று புரிய மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். ஆன்மா என்பது ஒவ்வோர் உயிருக்குள்ளும் இருக்கும் அறிவொளி. ஜீவன் என்பது அந்த ஆன்மா ஓர் உடம்பை எடுத்துக்கொண்டு வாழும் நிலை. நீங்கள், தெருநாய், வேப்பமரம் எல்லாமே ஜீவர்கள்தான். அருள் என்பது கடவுளின் தயவு. அந்த அருளைப் பெற்று அதனால் வரும் குறைவில்லாத இன்பத்தை அடைவதே லாபம் என்கிறார்.

அருளை எப்படிப் பெறுவது? இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார். பூசை, விரதம், தலயாத்திரை, தவம் என்று நீளும் பட்டியலை விட்டுவிட்டு ஓர் அடுப்படி நியாயத்தைச் சொல்கிறார். சிறு நெருப்பைக் கொண்டுதான் பெரு நெருப்பைப் பெற முடியும். தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கி வந்து அடுப்பு மூட்டினார்கள். தண்ணீரைக் கொண்டுபோய் நெருப்பு வாங்க முடியாது. ஓர் இனத்துப் பொருளை அதே இனத்துப் பொருளால்தான் அடையலாம். அருள் என்பது கடவுளின் தயவு என்றால், அதைப் பெற நம்மிடம் உள்ள அதே இனத்துப் பொருள் நம்முடைய தயவு. அந்தத் தயவுக்குத்தான் ஜீவகாருண்யம் என்று பெயர்.

ஆக, அவருடைய கணக்கில் இரக்கம் என்பது நல்ல குணங்களின் வரிசையில் பத்தோடு பதினொன்று இல்லை. ஞானத்துக்கு உள்ள வழியே அது ஒன்றுதான். 'மோட்ச வீட்டின் திறவுகோல்' என்று அதை அவர் சொல்வது இந்தப் பொருளில்தான்.

## ஒருவர் வலி இன்னொருவருக்கு ஏன் வலிக்கிறது

அடுத்த கேள்வி, அந்தத் தயவு எங்கிருந்து வருகிறது?

கூடப்பிறந்தவர் அடிபட்டுக் கிடக்கிறார் என்று செய்தி வந்தால் வயிற்றைப் பிசைகிறது. யோசித்துப் பார்த்து முடிவெடுத்து நாம் வருந்துவதில்லை, வருத்தம் முந்திக்கொள்கிறது. உறவு இருப்பதால் உருக்கம் வருகிறது. வள்ளலார் இதை அப்படியே எல்லா உயிர்களுக்கும் நீட்டுகிறார். எல்லா ஆன்மாக்களும் ஒரே கடவுளால் வந்தவை, ஆகவே அவற்றுக்குள் சகோதர உரிமை இருக்கிறது. இன்னோர் உயிர் துன்பப்படுவதைக் கண்டபோதோ, துன்பப்படும் என்று அறிந்தபோதோ உள்ளம் உருகினால், அந்த உரிமை வேலை செய்கிறது என்று பொருள். இந்த உரிமைக்கு அவர் வைத்த பெயர் ஆன்மநேய ஒருமைப்பாடு.

அப்படியானால் பசித்தவன் வாசலில் நிற்க, கண்டுகொள்ளாமல் சாப்பிடும் ஆளுக்கு ஏன் உருகவில்லை? அவர் கெட்டவர் என்று சொல்லி வள்ளலார் கதவைச் சாத்தவில்லை. கண் மருத்துவர்போல விளக்குகிறார். சகோதரரைச் சகோதரர் என்று காணும் அறிவுக்கண், அஞ்ஞானம் என்ற நோயால் ஒளி மங்கியிருக்கிறது. அந்தக் கண்ணுக்குத் துணையாக மாட்டியிருக்கும் மனம் முதலான மூக்குக்கண்ணாடிகளும் ஒளி புகாதபடி தடித்திருக்கின்றன. கண்ணும் கெட்டு, கண்ணாடியும் கெட்டால் எதிரில் நிற்பது அண்ணனா தம்பியா என்று எப்படித் தெரியும்? ஆகவே இரக்கமின்மை என்பது உரிமை இல்லாமையால் வருவதில்லை, தெரியாமையால் வருகிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பிறவியின் லாபம் அருள். அதைப் பெறும் ஒரே வழி தயவு. தயவுக்கு அடிப்படை உயிர்களுக்குள் உள்ள உறவு. அந்த உறவு தெரியாமல் போவது பார்வைக் கோளாறு.

## ஏழு துன்பங்கள், இரண்டு வகை

உயிர்களுக்கு வரும் துன்பங்களை அவர் ஏழாக எண்ணுகிறார்: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. எளிமை என்றால் இங்கே வறுமை. இன்று நாம் சொல்லும் எளிமை இல்லை. இச்சை என்பது நிறைவேறாத ஆசைகளால் வரும் தவிப்பு.

ஏழையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. பசியையும் கொலையையும் நீக்குவது பர ஜீவகாருண்யம், அதாவது முதன்மையானது. மற்ற ஐந்தையும் நீக்குவது அபர ஜீவகாருண்யம், அடுத்த படி. தாகத்துக்குத் தண்ணீரும் நோய்க்கு மருந்தும் தருவதை அவர் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலைமை இரண்டுக்குத்தான்.

'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற வரியோடு நாம் வழக்கமாக நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த வரிகளைப் படித்தால் இந்தப் பட்டியல் பாட்டாக வருவது தெரியும். 'பசியினால் இளைத்தே வீடுதோறிரந்தும் பசியறாது அயர்ந்த' மனிதர், பிறகு 'நீடிய பிணியால்' வருந்துவோர், அதன்பின் 'ஈடின் மானிகளாய் ஏழைகளாய்' நெஞ்சிளைத்தவர். பசி, பிணி, வறுமை. மூன்றாவதாக வருபவர்களைக் கவனியுங்கள்: மானம் உள்ளவர்கள், அதனால் கேட்கவும் முடியாதவர்கள். பயிரோடு நின்றுவிட்டால் பாட்டு மென்மையாக இருக்கிறது; முழுவதும் படித்தால் தெருவில் நிற்கிற மனிதர்கள் வந்துவிடுகிறார்கள்.

## பசி உள்ளே என்ன செய்கிறது

இந்த நூலின் மிக வலிமையான பகுதி இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

பசியை நாம் வயிற்றின் விஷயமாக நினைக்கிறோம். வள்ளலார் அதை அறிவின் விஷயமாகப் பார்க்கிறார். பசி முற்றும்போது ஒன்றன்பின் ஒன்றாக என்ன அணைகிறது என்று வரிசைப்படுத்துகிறார். முதலில் ஜீவ அறிவு விளக்கமில்லாமல் மயங்குகிறது. அது மயங்கவே அறிவுக்கு அறிவாக உள்ளே இருக்கும் கடவுள் விளக்கம் மறைகிறது. பிறகு மனம் தடுமாறிச் சிதறுகிறது, புத்தி கெடுகிறது, சித்தம் கலங்குகிறது, பிராணன் சுழல்கிறது. அதன் பிறகுதான் உடம்பின் கூறுகள்: கண் பஞ்சடைகிறது, காது அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, கைகால் தளர்கிறது, வயிறு எரிகிறது.

மேலிருந்து கீழாக இந்த வரிசை போவது தற்செயலாக இல்லை. மின்சாரம் குறையும்போது முதலில் மங்குவது விளக்கு. கம்பியும் சுவரும் அப்படியே இருக்கும். அதுபோல, ஆள் நின்றுகொண்டிருப்பார், நடந்துகொண்டும் இருப்பார், உள்ளே வெளிச்சம் போயிருக்கும். சோறு உள்ளே போனதும் இதே வரிசை திரும்புகிறது: உள்ளம் குளிர்ந்து, அறிவு தெளிந்து, முகத்தில் களை வருகிறது. ஞானம் பேசும் எல்லோரும் தேடுகிற ஆன்ம விளக்கமும் கடவுள் விளக்கமும், பசித்தவர் முகத்தில் ஒரு வேளைச் சோற்றால் வெளிப்படையாகத் தோன்றுகின்றன என்பது அவர் வாதம். அதைக் கண்ட மகிழ்ச்சியில் கொடுத்தவரிடமும் அது தோன்றுகிறது. ஒரே செயலில் இரண்டு விளக்கு ஏறுகிறது.

பசி என்ற விஷக்காற்று அறிவு என்ற விளக்கை அவிக்கும் தருணத்தில் சோறு கொடுத்து அதை அவியாமல் ஏற்றுவதே ஜீவகாருண்யம் என்று அவர் சொல்வதை வெறும் உவமையாக எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். உடம்பை அவர் கடவுள் விளங்கும் ஆலயம் என்று கருதுகிறார். ஆகவே பசியால் ஓர் உடம்பு அழிந்தால் ஒரு கோயில் இருண்டுபோகிறது.

மற்றத் துன்பங்களுக்கும் பசிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு சக்கரவர்த்தியைக் காட்டுகிறார். உலகை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசனும் பசி வந்தால் அதிகாரத்தை எல்லாம் விட்டுவிட்டு, தனக்குக் கீழே நிற்பவரைப் பார்த்து 'பசி நேரிட்டது, என்ன செய்வது' என்று முறையிடுகிறான். வீரனும் அப்படியே, துறவியும் அப்படியே. வேறு எந்தத் துன்பத்தையும் பொறுத்துக்கொண்டோ ஒத்திப்போட்டோ சமாளிக்கலாம். பசியிடம் அது நடக்காது.

## பசியும் ஒரு கருவி

இந்த இடத்தில் முதல்முறை படிப்பவர்கள் திடுக்கிடுவார்கள். இவ்வளவு கொடுமையான பசியை 'கடவுளால் கொடுக்கப்பட்ட ஓர் உபகாரக் கருவி' என்கிறார்.

காரணம் இப்படிப் போகிறது. பசி இல்லையென்றால் எவரும் எவரையும் எதிர்பார்க்க மாட்டார்கள். எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் உதவி என்ற செய்கை தோன்றாது. உதவி தோன்றாவிட்டால் தயவு விளங்காது. தயவு விளங்காவிட்டால் அருள் கிடையாது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கிணறு இருந்தால் யாரும் யார் வாசலுக்கும் குடத்தோடு போகமாட்டார்கள் அல்லவா, அதுபோல. மனிதரை ஒருவரிடம் ஒருவர் அனுப்பும் ஏற்பாடாகப் பசியைப் பார்க்கிறார்.

இதிலிருந்து அவருடைய சமூகப் பார்வை பிறக்கிறது. தயவு மறைந்தால் அறிவும் அன்பும் கூடவே மறையும். அவை மறைந்தால் உதவும் ஆற்றல் மறையும். அது மறைந்த இடத்தில் எல்லாத் தீமையும் தோன்றும். சட்டமும் காவலும் தருவதற்கு முன்பே ஊரை ஊராக வைத்திருப்பது இந்தத் தயவுதான். அது இல்லாவிட்டால் உலக நடையே நடக்காது என்பது அவர் துணிபு.

'அப்படியானால் பசி இருக்கட்டும் என்கிறாரா?' என்று சிலர் மடக்குவதுண்டு. இல்லை. கருவி என்பது பயன்படுத்துவதற்கு. அலாரம் அடிப்பது எழுந்திருப்பதற்காக. அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று யாரும் வைப்பதில்லை.

## 'அவனவன் வினை, நாமென்ன செய்ய?'

இந்த எதிர்க்கேள்வி அவர் காலத்திலேயே இருந்தது. இன்றைக்கும் டீக்கடையில் கேட்கலாம். முற்பிறவியில் செய்ததற்குக் கடவுள் தரும் தண்டனையே பசி என்றால், அதை நீக்குவது கடவுளின் ஆணைக்கு எதிரானதல்லவா?

வள்ளலார் வினைக்கொள்கையை மறுக்கவில்லை. அதற்குள் நின்றே விடை சொல்கிறார். கொலை முதலான கொடுங்குற்றம் செய்து கைகால் விலங்கோடு சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகர் கையால் சோறு கொடுக்கச் செய்கிறான். சிறு குற்றத்துக்காக வேலையை விட்டு நீக்கி ஊருக்கு வெளியே துரத்தப்பட்டவன், ஊர் ஊராகச் சோற்றுக்குத் தவிக்கிறான். இரக்கமுள்ள ஒரு வீட்டார் அவனுக்குச் சோறு போட்டால், அதைக் கேள்விப்படும் அரசன் 'நல்ல குடும்பம்' என்று மகிழ்வானே தவிர கோபிக்க மாட்டான். தண்டனை வேறு, பட்டினி வேறு. எந்த நல்ல அரசனின் தண்டனையிலும் பட்டினி சேராது என்பது இந்த உவமையின் முனை. வினையை நம்புகிறவர் வாயை வினையைக் கொண்டே அடைத்துவிடுகிறார்.

## கொலை ஏன் பசியோடு சேர்கிறது

புலால் மறுப்பை உடல்நலம் சார்ந்த அறிவுரையாகவோ, சாதி ஆசாரமாகவோ எடுத்துக்கொண்டால் அவர் வாதம் பிடிபடாது. அவரிடம் அது நேர்க்கோடாக வருகிறது. உடம்பு ஆலயம் என்றால், ஓர் ஆலயத்தை இடித்து இன்னோர் ஆலயத்துக்கு விளக்கேற்றக் கூடாது. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது அருளுக்குச் சம்மதமல்ல.

செடிகொடிகளும் உயிர்தானே என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். ஆம், தொடு உணர்வு ஒன்று மட்டும் உள்ள ஓரறிவு உயிர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் வித்து என்பது சடம். விதைத்து முளைக்கும்போதுதான் அதில் உயிர் சேர்கிறது. காய், கனி, தழை, பூ ஆகியவற்றைக் கொள்வது நகமும் முடியும் களைவதைப் போன்றது. அதில் உயிருக்குத் துன்பமில்லை. தாவரவியல் படித்தவர்கள் வித்தைச் சடம் என்பதை ஏற்கமாட்டார்கள், அது சரிதான். அவர் எந்த இடத்தில் கோடு போடுகிறார் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்: துன்பம் எங்கே நிகழ்கிறது என்பதே அளவுகோல்.

## சாலையும் சபையும்

கருத்தைக் கட்டடமாகவும் நிறுத்திக் காட்டினார் என்பதால் அதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1872-இல் அதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். வேதம் என்ற சொல் போய்ச் சுத்தம் வந்தது சும்மா இல்லை. சாதி, சமயம், மதம், சாத்திரம், கோத்திரம் எதிலும் பற்று வைக்காதீர்கள் என்று பின்னாளில் அவர் கடுமையாகவே சொன்னார். பார்வதிபுரம் என்ற வடலூர்ப் பகுதி மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் 100 ஏக்கருக்கும் மேல். அங்கே 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கியது. 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அடுப்பில் அன்று மூட்டிய நெருப்பை அணையாமல் காத்துவருகிறார்கள். ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் 1866-இல் பஞ்சம் தாக்கியிருந்தது. பசியைப் பற்றி அவர் எழுதியது ஏட்டுப் படிப்பிலிருந்து வந்ததில்லை.

அதன்பின் ஐந்தாண்டு கழித்து, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று எண்கோண வடிவிலான சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. உள்ளே சிலை கிடையாது. ஒரு விளக்கு, அதன் முன் ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள். தைப்பூசத்தன்று மட்டும் ஏழும் விலகும். மங்கிய கண்ணும் தடித்த கண்ணாடியும் பற்றிச் சொன்ன அதே பாடம்தான் இங்கே துணியில் தொங்குகிறது. ஒளி எப்போதும் இருக்கிறது. மறைப்புத்தான் விலக வேண்டும்.

முதலில் அடுப்பு, பிறகு விளக்கு. அந்த வரிசையே ஒரு கொள்கை அறிக்கை.

இரண்டு கட்டடத்துக்கும் நுழைவு விதி வேறு. சபையின் வாயிலில் 'கொலை புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே புகுதல் வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. சாலையின் பந்திக்கு அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது. கொலையும் புலாலும் உடையவர்களை அவர் 'புறவினத்தார்' என்று பாடினார், ஆனால் அதே பாட்டில் 'பசிதவிர்த்தல் மாத்திரமே புரிக' என்றும் சேர்த்தார். ஞானம் பேச நிபந்தனை உண்டு. சோறு போட நிபந்தனை இல்லை. சமரசம் என்றால் 'எல்லாம் ஒன்றுதான், எதுவும் சரிதான்' என்று அவர் சொன்னதாக நினைப்பவர்கள் சபை வாசலையும், அவரைக் கறாரான ஆசாரக்காரர் என்று நினைப்பவர்கள் சாலைப் பந்தியையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

## அன்னதானத்திலிருந்து எங்கே மாறுபடுகிறது

பழைய தான முறையில் பெறுபவரின் தகுதி முக்கியம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். கொடுப்பவருக்குப் புண்ணியம் சேரும். ஜீவகாருண்யத்தில் ஒரே தகுதி, பசித்திருப்பது. இன்ன தேசம், இன்ன சாதி, இன்ன சமயம், இன்ன தொழில் என்று விசாரிக்கக் கூடாது என்பது அவர் விதி.

இதை வைத்துப் பார்த்தால் நடைமுறையில் எங்கே பிசகுகிறது என்பது தெரியும். பண்டிகை நாளில் ஒரே தெருவில் பத்துப் பந்தல். வீட்டில் சாப்பிட்டு வந்தவரே மூன்று பொட்டலம் வாங்கிப் போவார். மறுநாள் அதே தெருவில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் இருக்காது. அன்னதானம் நடந்தது, அவர் சொன்ன பொருளில் ஜீவகாருண்யம் நடந்ததா என்பது சந்தேகம், ஏனென்றால் அவிந்துகொண்டிருந்த விளக்கு எதுவும் அங்கே ஏறவில்லை.

சிறிய அளவில் செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். வயிறு நிறைய ஒரு வேளைக்கு ஆளுக்குச் சுமார் 150 கிராம் அரிசி. 20 பேருக்கு 3 கிலோ. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது விசேஷ நாளைத் தவிர்த்து யாரும் போடாத நாளைப் பாருங்கள். தயிர்சாதமும் தேங்காய் சேர்ந்த சாதமும் வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் இன்னும் சீக்கிரம் கெடும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுவது பத்திரம். மானத்தால் கேட்காதவர்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள் என்பதால், பந்தியில் வந்தவர்களை மட்டும் எண்ணி வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஒரு பிசகு. படம் எடுத்துப் போடுவது அவர்களை இன்னும் தள்ளி நிறுத்தும்.

குடும்பத்தாரைப் பட்டினி போட்டு அயலாருக்குப் படைப்பதை வள்ளலார் ஏற்கவில்லை. அயலார் பசியைப் பாராமல் குடும்பத்தை மட்டும் ஊட்டி வளர்ப்பதையும் ஏற்கவில்லை. அவரவர் 'தரத்துக்கு' ஏற்றபடி என்கிறார். வீட்டில் கட்டியிருக்கும் மாடு கன்றுகளும் இந்தக் கணக்கில் வரும். உழைப்பு வாங்குகிறவர்தான் அவற்றின் பசிக்குப் பொறுப்பு. கல்யாண வீட்டைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்றும் உறைக்கும்: பந்தல் அலங்காரம், ஊர்வலம், ஆடல் பாடல், பலகாரம், சித்திரான்னம் எல்லாம் அமர்க்களப்படும்போது பசித்த ஏழையின் முகத்தைப் பார்க்கக்கூட மனம் வருவதில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கை முதலில் பசிக்கு ஒதுக்கச் சொல்கிறார்.

## இந்தக் கருத்து எதுவரை போகிறது

பசித்த வயிற்றில் அறிவு நிற்காது என்ற கண்டறிதலைத் தமிழ்நாட்டு அரசியலும் தன் வழியில் அடைந்தது. 1920-இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு, 1956-இல் காமராசர் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இவையெல்லாம் வடலூரிலிருந்து பிறந்தவை என்று சொல்வது மிகை. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்கள் உண்டு. அரசின் கணக்கில் சோற்றின் பயன் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து படிப்பது. வள்ளலார் கணக்கில் அதே சோற்றின் பயன் கடவுள் விளக்கம். பொறிமுறை ஒன்று, போய்ச்சேரும் இடம் வேறு.

அவருடைய நூல் தொடாத இடமும் ஒன்று இருக்கிறது. நிலம் யாரிடம் இருக்கிறது, தீர்வை எவ்வளவு, விளைந்த நெல் எங்கே போகிறது என்ற கேள்விகளை அதில் தேடினால் கிடைக்காது. பசி எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைவிட, எதிரே நிற்கும் பசிக்கு இந்த நிமிஷம் என்ன செய்வது என்பதில்தான் அவர் கண். இது போதாது என்று குறை சொல்பவர்களுக்கு நியாயம் உண்டு. காரணத்தை ஆராய்ந்து முடிக்கும்வரை அடுப்பை மூட்டாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' முற்றுப்பெறாத நூல். 1874 ஜனவரி 30 அன்று வடலூருக்குப் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்து அறைக்குள் அவர் சென்று கதவைச் சாத்திக்கொண்டபோது அதன் மிச்சப் பகுதிகள் எழுதப்படாமலே இருந்தன.